மூணாவது படிக்கிற புள்ளைக்கு கோடிங்: ஸ்க்ராட்ச் போதுமா, கிட் வாங்கணுமா, கிளாஸ்ல சேக்கணுமா?

போன ரெண்டு மாசத்துல இதே கேள்வி எனக்கு ஏழெட்டு பேர்கிட்ட இருந்து வந்துடுச்சு. "அக்கா, பையன் மூணாவது போறான், ஸ்கூல்ல ரோபோடிக்ஸ்க்குன்னு தனியா பீஸ் கேக்கறாங்க, கட்டட்டுமா இல்ல அந்தக் காசுல ஒரு கிட் வாங்கிடட்டுமா"ன்னு ஒருத்தர். "எதிர் வீட்டுப் பொண்ணு ஆன்லைன்ல ஆப் எல்லாம் பண்றாளாம், என் பொண்ணு சும்மாவே உக்காந்திருக்கா"ன்னு இன்னொருத்தங்க. மூணாம் வகுப்புலயே ஏஐ பாடம் 2026-27ல இருந்து வரப்போகுதுன்னு மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபர்ல சொன்னாங்கல்ல, அதுக்கப்புறம் இந்தப் பதட்டம் இன்னும் ஜாஸ்தி.

2020ல வந்த தேசியக் கல்விக் கொள்கையே கோடிங்க ஆறாம் வகுப்பு பக்கம்தான் சொல்லுச்சு, ஸ்கூல்ல பசங்க கைல செஞ்சு பாக்க அரசாங்கம் வைக்கிற அடல் டிங்கரிங் லேபும் ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் தான். அதனால ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் படிக்கிற புள்ளைங்க விஷயத்துல இப்போதைக்கு முடிவு பண்றது பெத்தவங்க பர்ஸ் தான், அங்கதான் கடைக்காரங்களும் வந்து நிக்கறாங்க.

நான் யாருன்னு கேட்டா, முன்ன எம்பெடட் டெஸ்டிங் வேலைல இருந்தேன், இப்ப கிழக்கு தாம்பரத்துல எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ரூம்ல சனிக்கிழமை சனிக்கிழமை ஆறுல இருந்து பத்து பசங்கள வச்சு விளையாட்டா சொல்லிக் குடுக்கறேன், காசு வாங்கறது இல்ல, யார்கிட்டயும் கமிஷனும் இல்ல. என் பொண்ணு நாலாவது படிக்கறா, கீழ வர்ற பாதி தப்பு அவள வச்சு நான் பண்ணதுதான்.

## எதை வச்சு பாக்கப் போறோம்

முதல்ல, புள்ளைக்கு சரளமா படிக்க வருமா. வயசு எத்தனைங்கறத விட இதுதான் முக்கியம். ஸ்க்ராட்ச் மாதிரி இடத்துல கட்டளைய டைப் பண்ண வேண்டாம், கட்டை மாதிரி இருக்கிற பிளாக்க இழுத்து அடுக்கணும், அந்த பிளாக்குல இருக்கிற நாலு வார்த்தைய எழுத்துக் கூட்டிப் படிக்கறதுலயே சக்தியெல்லாம் போயிட்டா அப்புறம் யோசிக்க எங்க தெம்பு இருக்கும்.

ரெண்டாவது, பக்கத்துல யார் உக்காரப் போறாங்க, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். இத எழுதி வச்சுட்டு மேல படிங்க, சும்மா "நான் பாத்துக்கறேன்"னு சொல்லாதீங்க, எந்தக் கிழமை எத்தனை மணிக்குன்னு எழுதுங்க.

மூணாவது ஒரு வருஷத்துக்கு ஆகற மொத்த செலவு. பெட்டி மேல போட்ட விலைய மட்டும் பாத்தா பேட்டரி, கேபிள், ஆட்டோ காசு, தொலைஞ்சு போன பார்ட் எதுவும் அதுல இருக்காது.

கடைசியா, மூணு மாசம் கழிச்சும் புள்ள அத எடுத்து விளையாடுமா, தப்பா போனா தானே கண்டுபிடிச்சு சரி பண்ண முடியுமா. இந்த ரெண்டுல தான் முக்கால்வாசி ஐட்டம் ஃபெயில் ஆகுது.

## காசே இல்லாம: கோலம், ஸ்க்ராட்ச் ஜூனியர், ஸ்க்ராட்ச்

இதப் பத்தி தான் நிறைய சொல்லப் போறேன், ஏன்னா யாரும் இத ஒரு ஆப்ஷனாவே எடுத்துக்கறது இல்ல, ஓசின்னாலே மட்டம்னு ஒரு நெனப்பு.

ஸ்க்ராட்ச்ங்கறது பிளாக்க அடுக்கி கேம், கார்ட்டூன் எல்லாம் பண்ற சாஃப்ட்வேர், 2007ல அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடி மீடியா லேப்ல இருந்து வந்தது, எட்டு வயசுக்கு மேல உள்ளவங்களுக்குன்னு பண்ணது. அதோட தம்பி ஸ்க்ராட்ச் ஜூனியர் 2014ல வந்தது, அஞ்சுல இருந்து ஏழு வயசுக்கு, டேப்லெட்ல ஓடும், பிளாக் எல்லாம் படமாவே இருக்கும், அதனால ஒண்ணாவது படிக்கிற பையனுக்கு, இங்கிலீஷ் சரியா வராத பொண்ணுக்கு, யாருக்கும் தடை இல்ல. ரெண்டுமே ஓசி. ஸ்க்ராட்ச்ச ஒரு தடவ லேப்டாப்ல இறக்கிட்டா நெட் இல்லாமலே ஓடும்.

இதுக்கெல்லாம் தாத்தா லோகோன்னு ஒரு மொழி, 1967ல சீமோர் பாப்பர்ட்டும் கூட இருந்தவங்களும் பண்ணது, அதுல ஒரு ஆமை இருக்கும், முன்ன போ, திரும்புன்னு சொன்னா கோடு போட்டுக்கிட்டே போகும். ஆரம்ப காலத்துல அந்த ஆமை நிஜமாவே தரையில ஓடற ஒரு ரோபோ, ஆக கோடிங் வேற ரோபோடிக்ஸ் வேறன்னு இப்ப ரெண்டு பீஸ் வாங்கறாங்களே, குழந்தைங்களுக்குன்னு ஆரம்பிச்சப்ப ரெண்டும் ஒண்ணாதான் இருந்தது.

நான் சனிக்கிழமை முதல் மூணு வாரம் கம்ப்யூட்டரத் தொடவே விடமாட்டேன். சாக்பீஸ் எடுத்து தரையில புள்ளி வைக்கச் சொல்லுவேன். ஒரு புள்ள கண்ணக் கட்டிக்கும், அதுதான் ரோபோ, இன்னொரு புள்ள வாயால சொல்லணும், "ரெண்டு அடி முன்ன போ, வலது பக்கம் திரும்பு, மறுபடி ரெண்டு அடி". சதுரம் வந்தவுடனே யாராவது ஒரு வாண்டு கண்டிப்பா கத்தும், "மிஸ், நாலு தடவையும் ஒரே மாதிரி தான் சொல்றோம், சும்மா நாலு தடவ பண்ணுன்னு சொன்னா போதாதா?" லூப்புன்னா என்னன்னு நான் தனியா நடத்தறதே கிடையாது. நம்ம ஊர்ல தினம் வாசல்ல நடக்கற கணக்கு இது. எங்க வீட்டுல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல வேல பாத்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974லயே கோலத்த கம்ப்யூட்டர் இலக்கணமா எழுதி கட்டுரை போட்டிருக்காங்க.

அப்புறம் ஸ்க்ராட்ச்ல பேனா பிளாக்க சேத்து அதே சதுரத்த ஸ்க்ரீன்ல இருக்கிற பூனைய விட்டு வரையச் சொல்லுவேன். சதுரம் வந்துடும். முக்கோணம்னு சொன்னதும் தான் வேடிக்கை. நாலாவது அஞ்சாவது பசங்க அறுபது டிகிரின்னு போடுவாங்க, முக்கோணத்துல உள்கோணம் அறுபதுன்னு யாரோ டியூஷன்ல சொல்லியிருப்பாங்க. பூனை மூணு கோடு போட்டுட்டு பாதி அறுகோணத்துல வாயப் பொளந்துகிட்டு நிக்கும். அந்த இடத்துல நீங்க வாயத் திறக்காம இருந்தீங்கன்னா அதுதான் கோடிங் கிளாஸ். தரையில முக்கோணம் போட்டு அது மேல நடந்து பாக்கச் சொல்லுங்க, மூலைக்கு வந்ததும் உடம்ப எவ்வளவு திருப்பறோம்னு பாத்தா கொஞ்சமா இல்ல, கால் சுத்துக்கு மேலயே திருப்பறோம்னு தெரியும், 120 டிகிரி. என் பொண்ணு இத கண்டுபிடிக்க ரெண்டு சனிக்கிழமை ஆச்சு, நடுவுல ஒரு தடவ லேப்டாப்ப மூடிட்டு எந்திரிச்சும் போயிட்டா, நான் சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

மறைஞ்ச செலவு இதுல காசு கிடையாது, உங்க நேரம். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது கூட உக்காரணும், இல்லன்னா புள்ள ஸ்க்ராட்ச் சைட்ல மத்தவங்க போட்ட கேம விளையாட ஆரம்பிச்சுடும், நீங்க தூரத்துல இருந்து பாத்து கோடிங் பண்றான்னு நெனச்சுப்பீங்க. இன்னொண்ணு, போன்ல இத ஒப்பேத்த முடியாது, ஸ்க்ரீன் பத்தாது. லேப்டாப்பே இல்லாத வீடுன்னா இது நிஜமாவே ஓசி இல்ல.

## மைக்ரோபிட்

கையளவு கூட இல்ல, பாதி கிரெடிட் கார்டு சைஸ்ல ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, 25 குட்டி லைட்டு, ரெண்டு பட்டன், ஆட்டினா தெரிஞ்சுக்கற சென்சார், திசைகாட்டி. பிபிசி ஆரம்பிச்சு 2016ல பிரிட்டன்ல பதினொண்ணு பன்னெண்டு வயசுப் பசங்களுக்கு ஓசியா குடுத்தாங்க, ஏறக்குறைய பத்து லட்சம் போர்டு. 2020 கடைசில வந்த ரெண்டாவது வெர்ஷன்ல ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கு, வாங்கினா அதையே வாங்குங்க. நம்ம ஊர்ல ரெண்டாயிரம் ரூபா சுத்துவட்டாரத்துல கிடைக்குது.

வயசு கவனிச்சீங்களா, அவங்க குடுத்தது ஆறாவது ஏழாவது படிக்கிற பசங்களுக்கு. நாலாவது அஞ்சாவதுக்கு கூட ஆள் இருந்தா ஓகே, ரெண்டாவது படிக்கிறதுக்கு வேண்டாம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா வாங்கறதுக்கு முன்னாடியே ட்ரை பண்ணலாம். மேக்கோட்னு அதோட எடிட்டர் பிரவுசர்லயே ஓடும், பக்கத்துல ஸ்க்ரீன்லயே ஒரு போர்டு படம் இருக்கும், புரோகிராம் போட்டா அதுல லைட்டு எரியும். ஒரு மாசம் அதுலயே விளையாட விடுங்க, அப்பவும் புள்ள கேட்டா வாங்குங்க, கேக்கலன்னா ரெண்டாயிரம் மிச்சம்.

போன வருஷம் நாலு பசங்க சேர்ந்து துளசித் தொட்டில ரெண்டு ஆணிய குத்தி, வயர் கிளிப் போட்டு போர்டுல மாட்டி, மண்ணு காஞ்சா சோக மூஞ்சி, ஈரமா இருந்தா சிரிச்ச மூஞ்சி வர்ற மாதிரி பண்ணாங்க. எந்த நம்பருக்குக் கீழ போனா காஞ்சதுன்னு முடிவு பண்றதுக்கு அவங்களுக்குள்ள நடந்த சண்டை இருக்கே, அது எந்த கிட்டோட புக்லயும் இருக்காது. ஆணி துரு பிடிச்சதும் நம்பர் மாறிடுச்சு, அதுக்கு இன்னொரு சண்டை.

மறைஞ்ச செலவுன்னா கேபிள். வீட்டுல கிடக்கிற பழைய மைக்ரோ யூஎஸ்பி கேபிள்ல பாதி சார்ஜ் மட்டும் ஏத்தும், டேட்டா போகாது, நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போர்டு செத்துப் போச்சுன்னு திட்டிட்டு இருந்தேன், கடைசில பாத்தா கேபிள். அப்புறம் பேட்டரி பெட்டி, கிளிப்பு. மோட்டார் நேரா ஓட்ட முடியாது, அதுக்கு கரண்ட் குடுத்து மோட்டார ஓட்டற டிரைவர் போர்டு தனியா வாங்கணும், அதனால "ரெண்டாயிரத்துல ரோபோ"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, சக்கரம் வண்டியோட சேத்து நாலாயிரம் அஞ்சாயிரம் ஆயிடும்.

## ரிச்சி ஸ்ட்ரீட் ஆர்டுயினோ

அப்பாக்கள் கேக்கற கேள்வி இது, அதனால சுருக்கமா. ஆர்டுயினோன்னா நாமளே வயர் மாட்டி புரோகிராம் போடற எலக்ட்ரானிக் போர்டு. சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்ல போனா லோக்கல் ஆர்டுயினோ போர்டு, மஞ்சக் கலர் பிஓ மோட்டார் ரெண்டு, சென்சார் எல்லாம் சேத்து ஆயிரத்து சொச்சத்துல அள்ளிட்டு வந்துடலாம், உண்மைதான். ஆனா கோட டைப் பண்ணணும், ஒரு செமிகோலன் விட்டா ஓடாது, ஒரு வயர் லூசா இருந்தா ஓடாது, எது தப்புன்னு எட்டு வயசுப் புள்ளைக்குத் தெரிய வழியே இல்ல. கூடவே குடுக்கற 9 வோல்ட் பேட்டரி மோட்டார் ஓட்டினா கொஞ்ச நேரத்துல படுத்துடும். லித்தியம் செல் போட்டா நல்லா ஓடும், ஆனா ஷார்ட் ஆனா ஆபத்து, சின்னப் புள்ள கைல குடுக்கக் கூடாது. நான் பாத்த வீட்டுலெல்லாம் அரை மணி நேரத்துல அப்பா தரையில குனிஞ்சு வயர் மாத்திட்டு இருப்பாரு, பையன் டிவி பாத்துட்டு இருப்பான். ஏழாவது எட்டாவதுல எடுத்துக்கலாம், இப்ப வேண்டாம்.

## லெகோ மாதிரி கிட்

ஸ்பைக் எசென்ஷியல்னு ஆறு வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு லெகோ 2021ல விட்டாங்க, ரெண்டு மோட்டார், கலர் சென்சார், ஒன்பது லைட்டு உள்ள ஒரு பலகை, நானூறுக்கு மேல பீஸு. சின்னக் கைக்கு இதுதான் வசதி, மாட்டினா நிக்கும், கழட்டினா வரும், ஷாக் இல்ல, வயர் லூசாகற தொல்லை இல்ல. பொருளோட தரத்துல குறையே சொல்ல மாட்டேன்.

விலை தான். இங்க வரும்போது முப்பதாயிரத்துக்கு மேல போயிடுது. அதோட முடியல, ஆப் ஓட்டற டேப்லெட் வேணும், வீட்டுக்கு அத்தை பசங்க வந்துட்டுப் போனா நாலு பீஸ் சோபாவுக்கு அடியில போயிருக்கும், விளையாடி முடிச்சு பிரிச்சு அடுக்க அரை மணி நேரம். இன்னொரு பயமும் உண்டு. 1998ல ஆரம்பிச்ச மைண்ட்ஸ்டார்ம்ஸ்ங்கற ரோபோ கிட் வரிசையவே லெகோ 2022 கடைசியோட நிறுத்திட்டாங்க. பிளாஸ்டிக் கட்டை முப்பது வருஷம் வரும், ஆனா நடுவுல இருக்கிற எலக்ட்ரானிக் மூளைக்கு ஆப் அப்டேட் எத்தனை வருஷம் வரும்னு யார் கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போறாங்க. செகண்ட் ஹேண்ட்ல பழைய கிட் சல்லிசா கிடைக்குதுன்னா முதல்ல உங்க டேப்லெட்ல அந்த ஆப் ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க.

நாலு வீடு சேர்ந்து வாங்கினா இது நல்ல ஆப்ஷன், சீரியஸா சொல்றேன். ஆளுக்கு எட்டாயிரம், வாரம் ஒரு வீடு. தனியா ஒரே புள்ளைக்கு வாங்கினா ஆளில்லாம பரண் மேல போயிடும், கூட்டாளி இருந்தா தான் கட்டவே தோணும்.

## ரோபோடிக்ஸ் சென்டர், ஸ்கூல்ல நடக்கற கிளாஸ்

ஒரு சென்டருக்கு என் பொண்ண நாலு மாசம் அனுப்பினேன். வீட்டுல எனக்கு அப்ப நேரமே இல்ல. வாரம் ரெண்டு நாள், கிட் அங்கயே இருக்கும். ஒரு கிட்டுக்கு நாலு புள்ளைங்க. ஒரு நாள் சீக்கிரம் போய் கண்ணாடி வழியா பாத்தேன்: ஒரு பையன் டேப்லெட்ட கட்டிப் பிடிச்சுட்டு இருக்கான், இன்னொருத்தன் மோட்டார் மாட்டறான், ஒரு பையன் ஜன்னல் பக்கம், என் பொண்ணு டப்பாவுல பீஸ் தேடி எடுத்துக் குடுத்துட்டு இருக்கா. அடுத்த வாரமும் அதே தான். நாலு மாசமா அவ எடுபிடி வேலைதான் பாத்திருக்கா. கடைசி நாள் ஷோல கோடு மேல ஓடற வண்டி எல்லாம் சூப்பரா ஓடிச்சு, "இது கோட்ட எப்படி கண்டுபிடிக்குது கண்ணு"ன்னு கேட்டா "சார் தான் போட்டாரு"ங்கறா.

அதுக்காக எல்லா சென்டரும் வேஸ்ட்னு சொல்ல வரல. ரெண்டு புள்ளைக்கு ஒரு கிட், வேலைய மாத்தி மாத்தி குடுக்கற டீச்சர் இருந்தா வீட்டுல நம்மளால குடுக்க முடியாத ஒண்ணு அங்க கிடைக்கும், சக வயசுப் பசங்களோட சேர்ந்து தோத்துட்டு மறுபடி பண்றது. போட்டில இண்ட்ரஸ்ட் உள்ள புள்ளைன்னா ஃபர்ஸ்ட் லெகோ லீக், உலக ரோபோ ஒலிம்பியாட் மாதிரி இடத்துக்கெல்லாம் டீமா போகணும், அதுக்கும் சென்டரோ ஸ்கூலோ இல்லாம கஷ்டம். ஆனா போட்டி பீஸ், டிராவல், டி-ஷர்ட்டுன்னு தனி பில் வரும், முதல்லயே கேட்டுக்கோங்க.

## ஆன்லைன் ஒன் டு ஒன் கிளாஸ்

டெமோ கிளாஸ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். முக்கா மணி நேரத்துல புள்ள ஒரு "ஆப்" பண்ணிடும், அதாவது அவங்க முக்கால்வாசி பண்ணி வச்சதுல ரெண்டு பிளாக்க இழுத்துப் போடும், சர்டிபிகேட் வரும், அப்பா அம்மா ரெண்டு பேரும் லைன்ல இருந்தே ஆகணும்பாங்க. அடுத்த நாள் கவுன்சிலர் போன்ல வந்து "உங்க பொண்ணுகிட்ட ஸ்பார்க் இருக்கு மேடம்". எல்லார் பொண்ணுகிட்டயும் இருக்கும் போல. 2020ல ஒரு பெரிய கோடிங் கிளாஸ் கம்பெனி விளம்பரம் அஞ்ச வாபஸ் வாங்க வேண்டி வந்தது, விளம்பரத் தரக் கவுன்சில் தலையிட்ட பிறகு. அந்த அலை அடங்கிடுச்சு, ஆனா பேச்சு மாறல.

மறைஞ்ச செலவு பேக்கேஜ்ல இருக்கு. ஒரு கிளாஸ் ஐநூறு அறுநூறுன்னு சொல்வாங்க, ஆனா நூறு கிளாஸ் சேத்துத்தான் வாங்கணும், மாசத் தவணைன்னு சொல்றது பல இடத்துல உங்க பேர்ல எடுக்கற லோன், புள்ள ரெண்டாவது மாசம் வேண்டாம்னு சொன்னாலும் தவணை ஓடும். டீச்சர் நடுவுல மாறுவாங்க.

எப்ப சரி? ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, ஊர்ல சென்டர் இல்ல, புள்ள ஏற்கனவே ஸ்க்ராட்ச்ல தானா நாலஞ்சு விஷயம் பண்ணி மேல எங்க போறதுன்னு தெரியாம நிக்குது. அப்ப தெரிஞ்ச ஒரு டீச்சர், மாசா மாசம் காசு, அவ்வளவு தான். ரோபோடிக்ஸ் ஆன்லைன்ல வேண்டாம், வயர் லூசா இருக்கிறத கேமரா வழியா கண்டுபிடிக்கிற டீச்சர நான் இன்னும் பாக்கல.

## ஒரே பார்வையில

ரூபா கணக்கு நான் விசாரிச்ச, செலவு பண்ண அளவுல தோராயமா, உங்க ஊர்ல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

| | எந்த வகுப்புக்கு | ஒரு வருஷ செலவு | உங்க நேரம் | எங்க மாட்டிக்கும் |
|---|---|---|---|---|
| கோலம் + ஸ்க்ராட்ச் ஜூனியர் | 1, 2 | 0 (டேப்லெட் இருந்தா) | வாரம் 1 மணி | கூட ஆள் இல்லன்னா நின்னுடும் |
| ஸ்க்ராட்ச் | 3, 4, 5 | 0 (லேப்டாப் இருந்தா) | வாரம் 1 மணி | கேம் மட்டும் விளையாடும் |
| மைக்ரோபிட் | 4, 5 | 2,500 – 5,000 | வாரம் 1 – 2 மணி | கேபிள், மோட்டார் செலவு |
| ஆர்டுயினோ | 5 வரை வேண்டாம் | 1,500 – 3,000 | நீங்க தான் முழுக்க | அப்பா பொம்மை |
| லெகோ கிட் | 1 – 5 | 30,000க்கு மேல | அடுக்கற நேரம் | தனியா இருந்தா பரண் |
| சென்டர் | 3 – 5 | 15,000 – 40,000 | கொண்டு விடற நேரம் | ஒரு கிட்டுக்கு எத்தனை பேர் |
| ஆன்லைன் | 4, 5 | 25,000 – 60,000 | குறைவு | பேக்கேஜ், தவணை |

## அப்ப என்ன பண்ண

ஒண்ணாவது ரெண்டாவதுன்னா எதுவும் வாங்காதீங்க. சாக்பீஸ், டேப்லெட் இருந்தா ஸ்க்ராட்ச் ஜூனியர். எதிர் வீட்டுப் பொண்ணு ஆப் பண்றான்னு சொன்னவங்களுக்கும் இதே பதில் தான், உங்க பொண்ணு ரெண்டாவது தானே படிக்கறா.

மூணாவதுல இருந்து, வாரம் ஒரு மணி நேரம் உங்களால குடுக்க முடியும்னா ஸ்க்ராட்ச், ஆறு மாசம் கழிச்சு மேக்கோட், அப்பவும் ஆசை இருந்தா போர்டு. உங்களுக்குக் கோடிங் தெரியலன்னா பரவாயில்ல, தெரிஞ்ச பெத்தவங்க தான் பாதி நேரம் மவுஸப் பிடுங்கிடறாங்க, நானும் பிடுங்கியிருக்கேன். நேரமே குடுக்க முடியாதுன்னா மட்டும் சென்டர், அதுவும் பாத்துட்டு.

ஸ்கூல்ல ரோபோடிக்ஸ் பீஸ் கேக்கறாங்கன்னு சொன்னவர் விஷயம். கட்டாயம்னு சொன்னா கட்டிட்டுப் போங்க, அதுக்காக புள்ளைய தனியா உக்கார வைக்க வேண்டாம். விருப்பம்னு சொன்னா கட்டறதுக்கு முன்னாடி போய் மூணு கேள்வி கேளுங்க. ஒரு கிட்டுக்கு எத்தனை புள்ளைங்க? வருஷக் கடைசில என் புள்ள தான் எழுதின கோட வீட்டுக்கு எடுத்துட்டு வருமா? வண்டி ஓடலன்னா சார் என்ன பண்ணுவாரு? மூணாவது கேள்விக்கு "எங்க கிட்ட ஓடாம இருக்கவே இருக்காது சார்"னு பெருமையா பதில் வந்துச்சுன்னா காசப் பாக்கெட்லயே வச்சுட்டு, வர்ற வழியில ஒரு பாக்கெட் சாக்பீஸ் வாங்கிட்டு வாங்க.